காய்ந்து வந்த டப்பா

ஒரு கிராம் லிக்னைட், அதாவது பழுப்பு நிலக்கரி, எரிந்தால் எவ்வளவு சூடு தரும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. நெய்வேலியில் ஒரு லேப்பில் கான்ட்ராக்ட். போன மழைக்காலத்தில் அந்தக் கணக்கு என் உயிரை வாங்கியது.

பாய்லர் பக்கத்திலிருந்து தினமும் போன். "நீங்க குடுக்கற வேல்யூவுக்கு இவ்ளோ லிக்னைட் எரியவே கூடாதும்மா. எங்கயோ தப்புப் பண்றீங்க."

எங்கே பண்ணினேன்? பொடியை மாத்திரையாக அழுத்தி, எடை போட்டு, இரும்புக் குண்டுக்குள் வைத்து, ஆக்சிஜன் ஏற்றி, தண்ணீரில் இறக்கிக் கொளுத்துகிறேன். தண்ணீரின் சூடு எவ்வளவு ஏறியது என்று பார்த்துப் பெருக்குகிறேன். பற்றவைக்கும் கம்பி எரிந்த சூட்டைக் கூட விடாமல் கழிக்கிறேன். சாம்பிளில் எவ்வளவு ஈரம் என்று தனியாக உலர்த்தும் ஓவனில் வைத்துப் பார்த்து அதையும் கணக்கில் சேர்க்கிறேன். கருவி மேல் சந்தேகம் வந்து, எவ்வளவு சூடு தரும் என்று முன்பே தெரிந்த பென்சாயிக் அமிலத்தைக் கொளுத்திப் பார்த்தேன். கருவி சரியாகத்தான் காட்டித் தொலைத்தது.

"இப்படியே போச்சுன்னா ரென்யூவலுக்கு உன் பேரை நான் சொல்ல முடியாதும்மா" என்றார் லேப் பொறுப்பாளர். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பர்மனென்ட். அவருக்கென்ன, கேன்டீனுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையிலிருந்தே அடைமழை. பாய்லருக்கு லிக்னைட் போகும் பெல்ட்டில் சாம்பிள் எடுத்து வரும் அண்ணன், ரெயின்கோட் சொட்டச் சொட்ட வந்து டப்பாவை மேஜையில் வைத்தார். தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. மழைநாளில் கையில் சேறாக அப்பிக்கொள்ளும் லிக்னைட், உள்ளே பொலபொலவென்று கிடந்தது.

"என்னண்ணே, இவ்ளோ காஞ்சிருக்கு?"

"ஸ்டீம் பைப்பாண்ட தட்டுல பரப்பிக் காய வச்சிகினு வந்தேங்க மேடம். ஈரமா கொண்ணாந்தா அரைக்கிற மெஷின் அடைச்சிக்குதுன்னு சார்தானே திட்டுனாரு? இன்னொரு வாட்டி அப்படிக் கொண்ணாந்தா வூட்டுக்கு அனுப்பிடுவேன்னாருங்க."

பாய்லருக்குள் போனது நனைந்த லிக்னைட். நான் ராப்பகலாகக் கணக்குப் போட்டதோ இவர் காயவைத்ததற்கு. ஈரம் குறைந்தால் வேல்யூ ஏறத்தானே செய்யும். எனக்கு வந்த ஆத்திரத்தை அந்த மனுஷர் மேல் காட்ட முடியுமா? சொன்னதைச் செய்திருக்கிறார்.

காயவைக்காமல் இன்னொரு டப்பா கொண்டுவரச் சொன்னேன். வேல்யூ மளமளவென்று இறங்கியது. பொறுப்பாளரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன், அவர் திட்டியது உட்பட. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு பாய்லருக்குப் போன் போட்டார்.

"சார், நம்ம பொண்ணு கணக்குல சின்னத் தப்புப் பண்ணியிருக்கு. சரி பண்ணிட்டோம்."

போனை வைத்துவிட்டு, "மெஷின் அடைச்சிருக்கு பாரும்மா" என்றார். ஸ்க்ரூடிரைவரால் ஈர லிக்னைட்டைக் குடைந்து எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, ரென்யூவலுக்கு என் பேரைச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன். அப்படிச் சொன்னதுதான் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.