லிஃப்ட் பாட்டின் இரண்டு கேசட்டுகள்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த வேலை, சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு கேசட் கடையில். எழுபதுகள் முடியப்போகிற நேரம், எனக்குப் பத்தொன்பது வயது. புக்கிட் மேராவிலிருந்து பஸ் பிடித்து வருவேன். முன்பக்கம் முதலாளி உட்கார்ந்து சினிமாப் பாட்டு கேசட் விற்பார். பின்பக்கம் ஒரு பலகைத் தடுப்புக்கு அப்பால், இரண்டு பதிவுக் கருவிகளோடு நான். ஒன்றில் ஓடுவதை மற்றொன்றில் பதிய வேண்டும். கருவியின் முகப்பில் சின்ன ஊசிகள் இரண்டு ஆடும். அவை சிவப்புக் கோட்டுக்குள் போனால் சத்தம் சிதைந்துவிடும். போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் கைத்திறமை.

ஒருநாள் எங்கள் மாதா கோயிலின் பாடகர் குழுவில் பாடும் அண்ணன் கடைக்கு வந்தார். துறைமுக அலுவலகம் ஒன்றில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் அவர் தனியாகப் பாடும்போது, முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு மெல்லிய குரல்.

"தங்கச்சி, இத இருபது காப்பி போட்டுத் தர்றியா? எங்க பேண்டோட பாட்டு" என்று ஒரு கேசட்டை நீட்டினார்.

பக்திப் பாடலாக இருக்கும் என்று நினைத்து ஓடவிட்டேன். ஊசிகள் இரண்டும் சிவப்பில் போய் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றன. கருவிதான் பழுதாகிவிட்டது என்று பயந்து அணைத்துவிட்டேன். மறுபடி போட்டேன். அதே இடி. அதற்கு நடுவே ஒருவர் அடித்தொண்டையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளியின் குரல் வந்தது. "என்னம்மா அங்க? பாட்டா, இல்ல கட்டடத்துக்கு பைலிங் அடிக்கிறாங்களா?"

இருபது காப்பியையும் போட்டேன். இருபது முறை கேட்டேன். ஆறாவது முறை கேட்கும்போது ஒன்று புரிந்தது: அந்த இரைச்சலுக்கு அடியில் கிட்டார் ஒரு தனிப்பாதையில் போய்க்கொண்டிருந்தது, ஒழுங்காக, கொஞ்சம்கூடத் தடம் மாறாமல். அடுத்த ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கும் நேரத்தில் நான் செபம் சொல்லவில்லை. பாடிக்கொண்டிருந்த அந்த அண்ணனின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கழுத்திலிருந்தா அந்தச் சத்தம் வந்தது?

கேட்டேவிட்டேன். "ஒத்திகைக்கு வா, பாரு" என்றார். அப்பா தனியாக விடமாட்டார் என்பதால் ஒரு தோழியையும் அழைத்துக்கொண்டு போனேன். கேலாங்கில் ஒரு மோட்டார் பட்டறை. ஞாயிறு பிற்பகல் பட்டறை மூடியிருக்கும், அவர்கள் வாசிப்பார்கள். நான்கு பேர். டிரம்ஸ் அடித்தவர் மலாய்க்காரர், பேஸ் கிட்டார் வாசித்தவர் சீனர். முன்னால் நின்று கிட்டார் வாசித்தவர் தமிழர், கப்பல் பட்டறையில் வெல்டர், தோளைத் தாண்டிய முடி. வேலையில் அதைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் திணித்துக்கொள்வாராம். நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் படம் போட்டு ஒட்டியிருந்த காலம் அது. பாடகரான எங்கள் கோயில் அண்ணன் முடியை வெட்டிவிட்டார். கிட்டார்காரர் வெட்டவில்லை. ஒரு ஸ்டாம்ப் வாங்க அரைநாள் நின்றேன் என்று பெருமையாகச் சொன்னார்.

அவர்கள் தொடங்கியதும் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் கிலுகிலுவென்று ஆடின. என் நெஞ்செலும்புக்குள் யாரோ மெதுவாகத் தட்டுவதுபோல இருந்தது. தோழி காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பாட்டு முடிந்ததும் கிட்டார்காரர் என்னைப் பார்த்து, "காது வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்குது அண்ணே. இன்னொன்னு வாசிங்க."

நான்கு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர்களுடைய எல்லாக் கேசட்டும் என் கையால்தான் பதிவானது.

நாலைந்து வருடம் அப்படிப் போனது. பிறகு அவர்களுக்கு மேடைகள் குறைந்தன. டிஸ்கோ வந்த பிறகு நடன அரங்குகளில் இசைத்தட்டு போட ஓர் ஆள் போதும் என்றாகிவிட்டது. ஹோட்டல்காரர்களுக்கு பேண்ட் தேவைப்பட்டது, ஆனால் சாப்பிடுகிறவர்கள் பேசிக்கொள்ள முடிகிற சத்தத்தில். அப்போதுதான் இசைத்தட்டு வெளியிடும் ஒருவர் அவர்களிடம், ரேடியோவில் போடக்கூடிய மாதிரி ஒரே ஒரு பாட்டு கொடுங்கள், நான் வெளியிடுகிறேன் என்று சொன்னார்.

அந்த நேரத்தில் கிட்டார்காரர் ஒரு புதுப் பாட்டு எழுதியிருந்தார். ஆங்கிலப் பாட்டு. அவருடைய குடும்பம் கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்து வீட்டிலிருந்து தெம்பனிஸில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக்கு மாறியிருந்தது. பத்தாவது மாடி. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது என்றுதான் நிற்கும். ஒன்பதில் இறங்கி ஒரு மாடி ஏற வேண்டும். அவருடைய அப்பா அடிக்கடி ஐந்திலேயே இறங்கிவிடுவார், ஒரு மாடி ஏறுவார், தன் வீடு என்று நினைத்து வேறு யாருடைய கதவையோ தட்டுவார். எல்லாக் கதவும் ஒரே மாதிரி. ஒருநாள் உள்ளே இருந்தவர் திட்டியிருக்கிறார். வீட்டைத் தேடி மாடி மாடியாக அலைகிற ஒருவனைப் பற்றிய பாட்டு அது.

அதை அவர்கள் இரண்டு விதமாகப் பதிவுசெய்தார்கள். ஒன்று பழையபடி இடி. இன்னொன்றில் கிட்டாரின் உறுமல் இல்லை, ஓர் எலக்ட்ரிக் ஆர்கனைச் சேர்த்திருந்தார்கள். பாடகர் கோயிலில் பாடுகிற அதே குரலில் பாடியிருந்தார். எதை வெளியிடுவது என்பதில் நால்வரும் இரண்டாகப் பிரிந்தார்கள். பாடகரும் பேஸ்காரரும் மென்மையானதுக்கு. கிட்டார்காரரும் டிரம்ஸ்காரரும் மற்றதுக்கு. ஒரு சனிக்கிழமை பிற்பகல் காப்பி எடுக்க வந்தவர்கள், கடை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"எங்கப்பா அங்க நின்னு அடுத்தவன் கதவப் போட்டு அடிச்சாரு. நீ அதத் தாலாட்டாப் பாடிட்டு இருக்க" என்றார் கிட்டார்காரர்.

"கத்தினா யாருக்கு வார்த்த புரியுது? உங்கப்பா கதைய எழுதிட்டு அத யாருக்கும் கேக்காமப் பண்றதுக்கா பாட்டு?" என்றார் பாடகர்.

டிரம்ஸ்காரர் மலாயில் ஏதோ சொல்லிக் கையை உதறினார். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"என் கடைய மறைச்சிக்கிட்டு சண்ட போடாதீங்க லா. ரெண்டையும் இங்க போட்டுக் காமிங்க. ரோட்டுல போறவங்க எந்தப் பாட்டுக்கு நிக்கிறாங்கன்னு அந்தப் புள்ள எழுதி வைக்கட்டும்."

அவர் எரிச்சலில்தான் சொன்னார். ஆனால் நால்வருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கோ, சொல்லப்போனால், கை பரபரத்தது. உள்ளே உட்கார்ந்து ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாகக் கேட்பவர்களின் முகத்தைப் பார்க்க வாய்ப்பு.

அவர்களைக் கோப்பிக் கடைக்கு அனுப்பிவிட்டு, நான் முன்பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். வாசல் ஸ்பீக்கரில் இரண்டையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் ஐந்து முறை போட்டேன். சாயங்காலச் சந்தைக் கூட்டம், நடைபாதையில் ஆள் இடிக்காமல் போக முடியாது.

இடிப் பாட்டுக்கு மொத்தம் ஒன்பது பேர் நின்றார்கள். ஒரு பெரியவர் துண்டால் காதை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். ஆனால் நின்ற ஒன்பது பேரில் ஏழு பேர் முடிகிற வரைக்கும் நகரவில்லை. நான்கு பேர் உள்ளே வந்து, "யார் பாடுறது?" என்று கேட்டார்கள்.

மென்மையான பாட்டுக்கு எப்படிக் கணக்கு எழுதுவது என்றே தெரியவில்லை. யாரும் நிற்கவில்லை. ஆனால் எல்லாருடைய நடையும் கொஞ்சம் தளர்ந்தது. கையில் கறிகாய்ப் பையோடு போன ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. மூன்றாவது முறை போட்டபோது அவர் பூ கட்டியபடியே அந்த மெட்டை முனகிக்கொண்டிருந்தார். ஆனால் யார் பாடுவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இதை அப்படியே நால்வரிடமும் வாசித்துக் காட்டினேன்.

"பாத்தியா, ஏழு பேரு கடைசி வர நின்னுருக்கான்" என்றார் கிட்டார்காரர்.

"பாத்தியா, பூக்கார அக்கா பாடியிருக்காங்க" என்றார் பாடகர்.

ஒரே தாளைப் பார்த்து இரண்டு பேரும் தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள். நான் ஒன்றை மட்டும் வாசிக்கவில்லை. எனக்குப் பிடித்தது இடிப் பாட்டு. ஆகவே அது ஓடும்போதெல்லாம் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டி வைத்திருந்தேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை, கை தானாகப் போனது.

கடைசியில் வெளியானது மென்மையான பாட்டுத்தான். டிரம்ஸ்காரர் மனத்தை மாற்றிக்கொண்டார். அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது, ஹோட்டல் வேலை வாரத்துக்கு நான்கு நாள் நிச்சயம். கிட்டார்காரர் விலகிவிட்டார். சண்டை போட்டு அல்ல. ஒரு ஞாயிறு ஒத்திகைக்கு வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவ்வளவுதான்.

பாட்டு ரேடியோவில் வந்தது. பஸ்ஸில், முடிதிருத்தும் கடையில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நடந்த ஒரு கல்யாணத்தில்கூட அதைக் கேட்டேன். பழைய ரசிகர்கள் கடைக்கு வந்து, "என்னக்கா, உங்க ஆளுங்க இப்படிப் பண்ணிட்டாங்க?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். நானும் கொஞ்ச நாள் கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். இடிப் பாட்டில் அந்த மனிதன் உலகத்தையே உதைக்கிறான். அதே வார்த்தைகளை மெதுவாகப் பாடினால், அவன் வெட்கப்படுகிறான். வார்த்தையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்படியானால் அந்த வெட்கம் எங்கே இருந்து வந்தது? ஆர்கனிலிருந்தா?

ஓராண்டுக்கும் மேலான பிறகு கிட்டார்காரர் கடைக்கு வந்தார். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். துவாஸ் பக்கம் புதிய பட்டறையில் வேலை, அங்கே மேற்பார்வையாளர் ஆகிவிட்டதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கேசட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பாட்டு இருக்கா?" என்று கேட்டார். எது என்று நான் கேட்கவில்லை.

"எங்கப்பா ரேடியோவுல கேட்டாரு. நான் எதப் பண்ணாலும் கேக்காத மனுஷன். இது என்ன பாட்டுடா, எதப் பத்திப் பாடுறான்னாரு. ஒரு ஆளு தன் வீட்டத் தேடுறான்னு சொன்னேன்."

"உங்கள நெனச்சுத்தான் எழுதினேன்னு சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? அவரு திருப்பிக் கேட்டாரு, 'கெடச்சுதா?'ன்னு." அவர் கேசட் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டுல அது இல்ல. அப்படி ஒரு கேள்வி இருக்குன்னே எனக்குத் தோணல."

அந்த நேரத்தில்தான் நான் சத்தத்தைக் கூட்டி வைத்த கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணில் நீர் வர வாய்விட்டுச் சிரித்தார். "அப்பவும் ஒம்போது பேரு தானா?" என்றார்.

பழைய பதிவின் மூலக் கேசட் என்னிடம் இருந்தது. இரண்டையும் காப்பி எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, அவர் கடைத் தொலைபேசிக்கு அழைத்தார். அப்பாவுக்கு இரண்டையும் போட்டுக் காட்டினாராம். இடிப் பாட்டை அப்பா எழுந்து போகாமல் முழுதாகக் கேட்டாராம். கேட்டுவிட்டு, "மொதல்ல போட்டதுல தேடுறான். இதுல கதவத் தட்டிட்டான்" என்றாராம். அதற்குப் பிறகு, அவன் தட்டியது எத்தனாவது மாடியில் என்று கேட்டாராம். அப்போதுதான் மகன் உண்மையைச் சொன்னார்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"சாப்டியான்னு கேட்டாரு."

அவர் மறுபடி பேண்டில் சேரவில்லை. சேருவார் என்று நான் கொஞ்சம் எதிர்பார்த்தேன். பாடகரோடு பேசினாராம், ஒன்றாகக் கோப்பி குடித்தார்களாம். அதோடு சரி.

எனக்குத் திருமணமான வருடத்தில் கடையை விட்டு நின்றேன். கணவரோடு ஒருமுறை அவர்கள் வாசிக்கும் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனேன். மேடை என்று சொல்ல முடியாது. செடித்தொட்டிகளுக்கு நடுவே ஒரு சின்ன மேடு. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. லிஃப்ட் பாட்டையும் பாடினார்கள். பக்கத்து மேசையில் ஒரு சீன முதியவர் தன்னையறியாமல் கரண்டியால் தாளம் போட்டார்.

இடைவேளையில் பாடகர் எங்கள் மேசைக்கு வந்தார். இத்தனை வருடமாக மனத்துக்குள் இருந்ததைக் கேட்டேன்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. உங்களுக்குக் கத்துறது பிடிச்சுதா, இது பிடிக்குதா?"

அவர் தண்ணீர் குடித்தார்.

"கத்துறப்ப என் குரல் எனக்கே கேக்காது தங்கச்சி. அதுல ஒரு நிம்மதி. இப்ப நல்லாக் கேக்குது." தம்ளரைக் கீழே வைத்தார். "சில நாள், கேக்குறது பிடிக்கல லா. அப்பவும் பாடிட்டுத்தான் இருக்கேன், நாளைக்கு எப்படிக் கேக்கும்னு பாக்கலாமேன்னு."

டிரம்ஸ்காரர் மேடையிலிருந்து கை காட்டினார். எந்த மேசையிலோ யாருக்கோ பிறந்தநாள். பாடகர் என் கணவரின் தோளைத் தட்டிவிட்டு, பிறந்தநாள் பாட்டைப் பாடப் போனார்.