வேருக்குள் ஒளிந்த மீன்

நான் மாடியில் குடியிருந்தேன். கீழ் வீட்டில் சலூன்காரரும் அவர் மனைவியும். தெருவுக்கே அவர் மாஸ்டர். தரையில் ஒரு முடி கிடந்தால் அடுத்த ஆளை நாற்காலியில் உட்காரவிட மாட்டார். அவருடைய கத்தரியும் சீப்பும் கிருமிநாசினியில் குளித்துவிட்டுத்தான் ஒவ்வொரு தலைக்கும் வரும். அந்தச் சுத்தம்தான் வீட்டில் மீன்களைக் கொன்றது.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து, முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தார். வாக்கரைப் பிடித்து நடக்கலாம், நடந்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆயிற்று. அக்கா காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்றார். "இன்னொரு தடவை விழுந்தா ஒட்ட வைக்க எலும்பு பாக்கி இல்ல தம்பி."

சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே என்று மாஸ்டர் ஒரு மீன்தொட்டி வாங்கி எதிரே வைத்தார். ஆறு தங்கமீன்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு உறவுமுறையைப் பெயராகச் சூட்டினார். மற்றதையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு முதல் ஆளாகத் தின்ன வருவது நாத்தனார்.

சலூன் விடுமுறை நாள்தோறும் மாஸ்டர் தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, கண்ணாடியைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்து, வடிகட்டிப் பஞ்சையும் அதிலேயே அலசிவிடுவார். இரண்டே வாரத்தில் நான்கு மீன் போயிற்று.

"ஏங்க, இனி ஒண்ணு செத்தாலும் தொட்டியத் தூக்கி வெளிய வெச்சிடுங்க. படுத்துக்கிட்டு சாவு எண்ண என்னால ஆகாது" என்றார் அக்கா. மாஸ்டரின் முகம் தொங்கிப்போயிற்று. தொட்டி போனால் அக்கா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அன்று மாலை மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ படிச்சது செடிதானே? மீனுக்கு ஏதாவது தெரியுமா?"

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. செடியின் பக்கமிருந்தே ஆரம்பித்தேன்.

"மீன் கழிவு தண்ணியில சேர்ந்தா மீனுக்கு விஷம், செடிக்கு உரம் மாஸ்டர். நாங்க வயலுக்குக் காசு குடுத்து வாங்கிப் போடுறதை உங்க மீன் சும்மா போடுது. அந்தப் பஞ்சுல இருக்குற நல்ல கிருமிதான் கழிவைப் பக்குவம் பண்ணும். அதை நீங்க மருந்து போட்டுக் கொன்னுட்டீங்க."

"கிருமியில நல்லது வேறயா?" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஆனாலும் சலூன் கண்ணாடியோரம் பாட்டில் தண்ணீரில் வளர்ந்த மணிபிளான்டை மறுநாளே கொண்டுவந்தார். வேர் முழுக்க ஊரார் தலைமுடி. தரையில் உட்கார்ந்து, நல்ல தண்ணீர் தெளித்து, புதுச் சீப்பால் வேரைச் சீவினார்.

"ஒட்ட வெட்டணுமா, ஓரம் மட்டும் போதுமா தம்பி?"

"அழுகினது மட்டும் போதும் மாஸ்டர்."

இலை மேலே, வேர் தண்ணீரில். தண்டு நழுவாமல் தொட்டி விளிம்பில் பிளாஸ்டிக் ஹேர் கிளிப் மாட்டினார்.

செடி வைத்தது சுலபம். சுத்தம் செய்யாமல் இருப்பதுதான் அவருக்குப் பெரும்பாடு. வாரம் கால்பங்கு தண்ணீர் மட்டும் மாற்ற வேண்டும். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும். "கை அரிக்குது தம்பி" என்பார். "தெருவுல எத்தனை தலை இருக்கு, அங்க போய்ச் சொறிங்க" என்பார் அக்கா.

இரண்டு மாதத்தில் கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்தது. உள்ளே வேர் தாடி மாதிரி இறங்கியது. தண்ணீர் தெளிந்தே இருந்தது. மிச்சமிருந்த இரண்டும், நாத்தனாரும் இன்னொன்றும், தொப்பை போட்டன.

ஒரு காலையில் கீழிருந்து அலறல். "டிகிரி தம்பி! நாத்தனாரைக் காணோம்!"

செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். அக்கா கட்டிலில் இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அறையின் நடுவில் நின்றிருந்தார். நான் கையை நீட்டினேன்.

"என்னைப் பிடிக்காத. மீனைப் பாரு!"

அதற்குள் அவரே இன்னும் மூன்று அடி வைத்துத் தொட்டியை எட்டிவிட்டார். குனிந்து பார்த்தார். அடர்ந்த வேருக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வால் அசைந்தது.

"இங்க சொகுசா ஒளிஞ்சிருக்கா பாரு! நான் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு வரேன்..." சொல்லிக்கொண்டே திரும்பியவர், கட்டில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தார். அப்புறம் தன் கால்களைப் பார்த்தார்.

படியிறங்கும்போதே நான் போனில் "உடனே வாங்க மாஸ்டர்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். கழுத்தில் துண்டோடு, மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"செத்துடுச்சா?" வாசலிலிருந்தே கேட்டவர், நிற்கும் மனைவியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அது நல்லாத்தான் இருக்கு. அந்த வேரைக் கொஞ்சம் வெட்டி விடுங்க. படுத்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து கத்தரியை எடுத்தார். தொட்டிவரை போனார். என்ன நினைத்தாரோ, திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வெட்ட மாட்டேன். பாக்கணும்னா நடந்து வந்து பாரு."

"கொழுப்பப் பாரு இந்த மனுஷனுக்கு!" என்றார் அக்கா. "போங்க, பாதி வெட்டின தலை ஒண்ணு அங்க காத்துக்கிட்டு இருக்கும். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வரேன்."