வெள்ளி பூசிய பட்டன்கள்

தகட்டை அமுக்கி மூடி செய்யும் எங்கள் பிரஸ்ஸின் பெட்டியில் மூன்று பட்டன்கள். இடதுபக்கம் அச்சை ஏற்ற, வலதுபக்கம் இறக்க, நடுவில் நிறுத்த. புதிதாக வந்தபோது ஒவ்வொன்றும் ஒரு நிறம். கிரீஸ் கை பட்டுப் பட்டு மூன்றும் கறுத்துவிட்டன. பார்க்க அசிங்கம்தான். ஆனால் நான் பட்டனைப் பார்ப்பதே இல்லை. என் கண் எதிரில் நிற்கும் கூட்டாளியின் கைமேல் இருக்கும். அவன் தகட்டை அச்சுக்கு அடியில் வைப்பான், நான் அமுக்குவேன், அச்சு இறங்கி டிரம் மூடி விழும். தகடு கோணிக்கொண்டால் அவன் கையை உள்ளே விட்டுத் திருப்புவான். அந்த நேரத்தில் என் விரல் தடவித்தான் நிறுத்தும் பட்டனைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு விரல் அகலம் தவறினால் அவன் கை போய்விடும்.

அதனால் அவற்றை என் வசதிக்கு மாற்றி வைத்திருந்தேன். நிறுத்தும் பட்டனில் சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி மாட்டினேன். ஏற்றும் பட்டனில் அரத்தால் ஒரு கோடு இழுத்தேன். இறக்குவது வழவழவென்று அப்படியே. அழகுக்குச் செய்ததில்லை. அதே ஷெட்டில் பக்கத்துப் பிரஸ்காரன் டீ கிளாஸை மிச்சமிருக்கும் மூன்று விரலால்தான் பிடிப்பான்.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி குடும்பத்தோடு வருகிறார், எல்லாம் பளபளக்க வேண்டும் என்று போர்மேன் வெள்ளிப் பெயிண்ட்டோடு ஆள் அனுப்பினான். வந்தவன் என் வளையத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, பட்டன்களுக்கும் சேர்த்து அப்பிவிட்டான். கோடு மூடிப்போயிற்று. பூஜையன்று என் கூட்டாளி மூன்று பட்டனுக்கும் சந்தனம் இட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தான். முதலாளியம்மா நின்று பார்த்து, லட்சணமாக இருக்கிறது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி வேலை தொடங்கியது. நான் பட்டன் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை.

"இன்னா நைனா, சொம்மா நின்னுகினு கீற? அமுக்கு."

"எத அமுக்க? மூணும் ஒரே மாதிரி கீது. சொரண்டிட்டு அமுக்கறேன்."

கூட்டாளியின் முகம் மாறியது. "பொட்டு மேல கை வெச்ச, அவ்ளோதான். அது தானா உதிரணும். மாதா கோயில்ல மெழுவத்தி ஏத்துற ஆளு, உனுக்கு இன்னா தெரியும்?"

நான் ராயபுரத்துக் கிறிஸ்தவன். நான் சுரண்டினால் அது வேறு பேச்சாகிவிடும். அது எனக்கும் தெரியும். காலை மாற்றி மாற்றி நின்றேன். அவன் பாட்டுக்கு ஒரு தகட்டை உள்ளே தள்ளி, "சாமி பாத்துக்கும்" என்றான்.

"அப்ப நீ வந்து அமுக்கு. நா உள்ள கைய வுடறேன்."

இடம் மாறினோம். அச்சு மேலே நின்றது. அதற்குக் கீழே என் இரண்டு கையையும் நீட்டினேன். "பொட்டியப் பாக்காத, என் கையப் பாரு. நிறுத்துற பட்டன் மேல வெரல வெய்யி. அமுக்காத."

அவன் விரல் தடவியது, நகர்ந்தது, ஒன்றின்மேல் நின்றது. குனிந்து பார்த்தான். வலதுபக்கப் பட்டன். இறக்குவது.

"கைய எட்றா! எட்றா பேமானி!"

நான் எடுத்த பிறகும் திட்டிக்கொண்டே இருந்தான். பிறகு குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவனே பிளேடால் பெயிண்ட்டைச் சுரண்டினான். "உன்னால எனுக்குப் பாவம்டா" என்றான். நிறுத்தும் பட்டனில் சணலை இறுக்கிச் சுற்றினான். ஏற்றும் பட்டனில் என் கோடு வெளியே வந்திருந்தது. பெட்டியின் நெற்றியில் ஒரே ஒரு பொட்டு புதிதாக வைத்தான்.

போர்மேன் வந்தான். "எவன்டா சொரண்டுனது?" பார்வை நேராக என்மேல்தான்.

"நாந்தான்" என்றான் கூட்டாளி.

"பாக்கவே கலீஜா கீது. இப்பவே பெயிண்ட்ட அடி."

கூட்டாளி மூன்று பட்டனையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டான். "என் கை மேலயே அடி. கை இருந்தாத்தான உனுக்கு மூடி வரும்?"

போர்மேன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான்.

நாங்கள் ஓட்டினோம். மற்ற பிரஸ்களில் வெள்ளியும் பொட்டும் அப்படியே இருந்தன. அந்தப் பிரஸ்காரர்களிடம் அதைச் சொன்னதற்கு, உன் வேலையைப் பார் என்றார்கள். அன்று முழுக்க அங்கே ஒவ்வொரு முறை அச்சு இறங்கும்போதும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.