அக்கா பாடும் இடம்

மைதிலி பாதியில் நிறுத்திவிட்டாள்.

காம்போதி ராக ஆலாபனை. மேல் ஸ்தாயியில் சுகமாக உலவிக்கொண்டிருந்த குரல் படிப்படியாக இறங்கி, நடுவில் ஓர் இடத்துக்கு வந்தது… அப்படியே நின்றுவிட்டது. இருமல் இல்லை. தண்ணீர் குடிக்கவில்லை. மைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் கடற்காற்று மட்டும் புஸ்புஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

"மறந்துட்டா போல" என்றார் என் பின்னால் இருந்த பெரியவர். ஆலாபனையில் மறப்பதற்கு வார்த்தைகள் எங்கே இருக்கின்றன?

இது நடந்தது போன வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல் திடலில். அவள் ஏன் நிறுத்தினாள் என்பது அந்த நிமிஷத்தில் அங்கே இருந்தவர்களில் ஓரிருவருக்குத்தான் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

மே மாதத்தில் யாராவது திறந்தவெளியில் கச்சேரி வைப்பார்களா? எங்கள் ஆட்கள் வைக்கிறார்கள். கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து சிலர், நாவலூர் ஆபீஸ்களிலிருந்து சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு. மார்கழியில் சென்னைக்குப் போய்க் கச்சேரி கேட்க லீவு கிடைக்காத ஜென்மங்கள். கோடை வந்தால் சனிக்கிழமை சாயங்காலங்களில் கடற்கரையில் மேடை போட்டுவிடுவோம். ஏ.சி. கிடையாது. கேன்டீன் கிடையாது. பகலெல்லாம் கொதித்த மணல் ஐந்தரை மணிக்கு மேல் காற்றில் ஆறிவிடும். பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒரு பக்கமாகப் புதையும். உற்சாகமாகத் தாளம் போடுகிறவர்கள் மெல்ல மெல்லச் சாய்வார்கள். தம்புராவுக்கு மொபைல் ஆப்தான். முதல் வருஷம் கச்சேரி நடுவில் அந்த மொபைலுக்கு, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போன் வந்தது. அதிலிருந்து ஏரோபிளேன் மோடு கட்டாயம்.

நான் அந்தக் குழுவில் அறிவிப்பாளர். மைதிலி, செங்கல்பட்டில் என்னோடு ஒன்றாகப் படித்தவள்.

அவளுக்கு ஓர் அக்கா. பூரணி. இரண்டு பேரும் சேர்ந்து பாடுவார்கள். சேர்ந்து மட்டுமே பாடுவார்கள். கோயில் உற்சவம், கல்யாண ரிசப்ஷன், எப்போதாவது சென்னையில் ஒரு மத்தியானக் கச்சேரி… எங்கள் பக்கத்தில் 'பூரணி-மைதிலி' என்றால் ஒரே ஆளின் பெயர் மாதிரி. பூரணிக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. மைதிலிக்கு நாவலூரில் ஐ.டி. வேலை. கூடுவாஞ்சேரியில் ஃபிளாட்.

சகோதரிகள் பாடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒருவர் ஒரு வரி பாட, அடுத்தவர் அதையே இன்னும் கொஞ்சம் இழைப்பார். ராகம் என்றால் பூரணிதான் ஆரம்பிப்பாள். கனமான குரல். கீழேயிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக நிதானமாக எழுப்பிக்கொண்டு வந்து, பாதி உயரத்தில் தங்கையை ஒரு பார்வை பார்ப்பாள். மைதிலி அங்கிருந்து ஏறுவாள். உச்சியெல்லாம் இவள் பாகம். கைதட்டலும் அங்கேதான் விழும். பிறகு இறங்கி வந்து அக்காவிடம் ஒப்படைத்துவிடுவாள். முடித்து வைப்பது பூரணி.

சின்ன வயதிலிருந்து இப்படியே. ஆக, மைதிலி தன் வாழ்க்கையில் ஒரு ராகத்தைக்கூட ஆரம்பித்ததில்லை. முடித்ததும் இல்லை.

பூரணிக்கு வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. போன தீபாவளி சமயத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பொங்கலுக்கு அவள் இல்லை.

அதன்பிறகு மைதிலி பாடவில்லை. சித்திரை பிறந்ததும், எங்கள் குழுவுக்காக நான் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"போடி. பாதிப் பாட்டை வெச்சுக்கிட்டு மேடைல என்ன பண்றது?" என்றாள்.

மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டவர் வேறொருவர். பூரணியின் கணவர் செல்வம்.

கருங்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்பாக்கத்தில் டெக்னீஷியன். அவருக்கும் சங்கீதத்துக்கும் உள்ள சம்பந்தம், பெண்டாட்டியையும் மச்சினியையும் கச்சேரிக்குக் காரில் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டி வருவதுதான். டிவியில் கச்சேரி வந்தால் சேனலை மாற்றிவிடுவார். ஆனால் அவர்கள் பாடுகிற ஒரு கச்சேரியைக்கூட விட்டதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்பார். "எனக்கு இன்னாம்மா தெரியும்? அவ பாடுவா, அப்பறம் பாப்பா பாடும். கேக்க நல்லா கீது" என்பார். அவர் பூரணியைக் கட்டிக்கொண்டபோது மைதிலி பாவாடை சட்டை போட்ட சிறுமி. இன்றைக்கும் அவருக்குப் பாப்பாதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் மாம்பழத்தோடு மைதிலி வீட்டுக்கு வந்திருக்கிறார். கொஞ்ச நேரம் எதையோ பேசிவிட்டு, "பாப்பா, வூடு ரொம்ப அமைதியா கீது" என்றாராம். "நீங்க ரெண்டு பேரும் பாடிகினு இருப்பீங்க. டிவி கேக்கலன்னு நான் சத்தம் போடுவேன். இப்ப டிவி நல்லா கேக்குது. போடவே புடிக்கல. நீ ஒரு தபா பாடேன். நான் வந்து கேக்கறேன்."

அவரிடம் எப்படி முடியாது என்று சொல்வது? எனக்குப் போன் செய்து, "என் பேரைப் போட்டுக்கோ" என்றாள்.

கச்சேரிக்குச் சில நாள் முன்னால் மறுபடி அவளிடமிருந்து போன்.

"ஒண்ணு சொல்லட்டுமாடி? இன்னிக்கு பிராக்டீஸை ரெக்கார்ட் பண்ணிக் கேட்டேன். நடுநடுல சத்தமே இல்லை. முதல்ல போன்தான் ரிப்பேர்னு நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது. அக்கா பாடற இடத்துல எல்லாம் வாயை மூடிக்கிட்டுத் தலையாட்டிட்டு உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியவே இல்லை."

சிரித்தாள். சிரிப்பு அப்படியே வேறெதுவாகவோ மாறியது. வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் இவ்வளவு பேசுகிறவள் நான்… அன்றைக்கு "சாப்பிட்டியாடி?" என்று மட்டும்தான் கேட்டேன்.

போனை வைத்துவிட்டு என் வீட்டை யோசித்தேன். சொந்தக்காரர்கள் பெயர், யாருக்கு யார் என்ன முறை — எல்லாம் என் கணவர் தலையில் இருக்கிறது. கேஸ், கரண்ட் பில், மாத்திரை — என் தலையில். கல்யாண வீட்டில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் உடனே அவரைத்தான் திரும்பிப் பார்க்கிறேன். நம்மில் எத்தனை பேர் முழுப்பாட்டைத் தெரிந்துவைத்திருக்கிறோம்?

கச்சேரி நாள். வயலின் ஸ்ரீதர், பல வருஷமாக சகோதரிகளுக்கு வாசிக்கிறவர். மைதிலி வழக்கம்போல மேடையின் வலது பக்கமாகவே உட்கார்ந்தாள். "நடுவுல உக்காருங்க" என்று ஸ்ரீதர் சொன்னபிறகுதான் நகர்ந்தாள். கடைசி வரிசையில் செல்வம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்.

தொடக்கத்தில் பாடிய வர்ணத்தில் பிரச்சினை இல்லை. அது எப்போதும் இருவரும் சேர்ந்தே பாடுவது. அடுத்த கீர்த்தனையில் அக்கா வரியையும் தானே பாடிச் சமாளித்துவிட்டாள். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். பிறகு காம்போதி. நடுவிலிருந்து எடுத்து மேலே போய்விடலாம், தனக்குத் தெரிந்த பாகத்தை மட்டும் சின்னதாகப் பாடி முடித்துவிடலாம் என்று ஸ்ரீதரிடம் முன்பே பேசி வைத்திருந்தாள்.

மேலே போனாள். அன்றைக்கு அவள் பாடியதுபோல நான் கேட்டதில்லை. என் கணவர், ராகம் ஒன்றும் தெரியாதவர், "என்னவோ பண்றா" என்றார். அப்புறம் இறங்கினாள். ஒப்படைக்கும் இடம் வந்தது. நின்றுவிட்டாள்.

கண்ணைத் திறந்து இடது பக்கம் திரும்பினாள். அங்கே தண்ணீர் பாட்டில் இருந்தது. ஸ்ரீதர் வில்லை எடுத்து, 'நான் வாசிக்கட்டுமா?' என்பதுபோலப் பார்த்தார். அவள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள்.

"ஸ்ரீதர்… இது அக்கா பாடற இடம்."

அவரிடம் மட்டும் சொன்னதாகத்தான் அவள் நினைத்திருப்பாள். மைக் அதை எல்லாருக்கும் சொல்லிவிட்டது. என் பின்னால் இருந்த பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். செல்வத்தின் நாற்காலி காலி. அவர் கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

எழுந்து பின்னாலேயே போனேன். ஈர மணலில், கையில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

"அண்ணா…"

"ஒண்ணுமில்லம்மா. நீ போ."

நான் போகவில்லை.

"அவ எடம் வந்துச்சும்மா. எப்பவும் போல, இப்ப அவ கொரல் வரும்னு ஒக்காந்துகினு இருக்கேன். வரல." சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரில இருந்து எடுத்தாந்தோம். காரியம்லாம் பண்ணோம். அப்பக்கூட எனக்கு இப்டி இல்ல. இப்பத்தான்மா அவ இல்லன்னு தெரியுது."

அலை வந்து அவர் காலை நனைத்துவிட்டுப் போனது.

"பாப்பாவ வேற பாடச் சொல்லி, மேடையில ஒக்கார வெச்சி அழ வெச்சிட்டேன். தப்பு பண்ணிட்டேனாம்மா?"

அப்போதுதான் பின்னாலிருந்து சத்தம் வந்தது. கீழ் ஸ்தாயியில், மிக மெல்லிசாக.

மைதிலி.

காம்போதியை அடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கியது. கீழ் ஸ்வரங்களில் பாதியைக் காற்று கொண்டுபோனது. ஓர் இடத்தில் பிசிறியது. திரும்பவும் அதே இடத்துக்குப் போய், இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். அவசரப்படவில்லை. ஸ்ரீதர் இருப்பதே தெரியாத மாதிரி வயலினில் பின்தொடர்ந்தார்.

செல்வம் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். ரொம்ப நேரம் கேட்டார்.

"பூரணி மாதிரி இல்ல" என்றார்.

"இல்லைதான் அண்ணா."

"ஆனா பாடிகினு கீது. நிறுத்தல பாரு."

அவள் முடிக்கிறவரை அங்கேயே நின்றார். கைதட்டல் கேட்டபிறகுதான் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

கச்சேரி முடிந்து சவுக்குத் தோப்பு ஓரமாக மைதிலியைப் பிடித்தேன். எப்படிடி திரும்ப ஆரம்பித்தாய் என்று கேட்டேன்.

"எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்கறது? மாமா வேற எழுந்து போறார். அவர் பாட்டுக்குக் காரை எடுத்துட்டுப் போயிட்டா நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கீழ எனக்கு ஒண்ணுமே தெரியலைடி" என்றாள் கடைசியில். "இத்தனை வருஷம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அக்கா அங்க என்ன பண்ணினான்னு நான் கவனிச்சதே இல்லை. அவ எப்ப என்னைப் பார்ப்பான்னு காத்துட்டு இருந்தேன். அவ்வளவுதான்."

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இந்த வாக்கியம் என்னோடு வந்தது. நான் மட்டும் என்ன? பக்கத்தில் இருப்பவர் தன் பாகத்தைச் செய்துகொண்டிருக்கும்போது, நம் முறை எப்போது வரும் என்றுதானே நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? என் கணவர் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று நான் ஒருநாள்கூட நின்று கேட்டதில்லை. அன்று காரில், அவர் பெரியப்பா வழி உறவுகளை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். "உனக்கு என்ன ஆச்சு?" என்றார். ஆனால் சொன்னார். மறைமலைநகர் தாண்டியும் முடியவில்லை.

மைதிலி இப்போது தினமும் காலையில், ஆபீஸ் கேப் வருவதற்கு முன்னால், கீழ் ஸ்தாயியை மட்டும் சாதகம் செய்கிறாளாம். "கீழ் வீட்டு மாமி, நான் முனகறேன்னு நெனச்சு, உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க" என்றாள்.

போன சனிக்கிழமை வேறொரு கச்சேரி. சென்னையிலிருந்து வந்த ஓர் இளைஞர். மைதிலி வரவில்லை, ஆபீஸில் வேலை. நான் அறிவிப்பை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலியில் செல்வம் அண்ணா. கல்பாக்கத்திலிருந்து தனியாக வந்திருந்தார். வேறொருவர் பாடுவதைக் கேட்க அவர் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இளைஞர் கல்யாணி ராகம் பாடினார். கீழேயிருந்து எடுத்தார், மேலே போனார், உச்சியில் நின்றார், இறங்கிவந்து அவரே முடித்தார். நல்ல கைதட்டல். செல்வம் அண்ணா தட்டவில்லை. மேடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடப் பாடறவங்க வரலியாம்மா?" என்றார் மெதுவாக.

"இல்லண்ணா. இவர் தனியாத்தான் பாடுவார். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்."

அந்தப் பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாவம்" என்றார்.