தாசம்மாள் கொண்டுபோன பப்படம்

காய்ந்த பப்படத்தின் ஓரத்தை நகத்தால் கிள்ளி, முன்பல்லில் வைத்து மெல்ல அரைத்துப் பார்த்தாள் தாசம்மாள். கண்ணை மூடிக்கொண்டுதான் அரைப்பாள். நறநறத்தால் அந்தப் பாய் முழுதும் குப்பைக்கு. அன்றும் நறநறத்தது. பாயைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பின்மதிலுக்கு அப்பால் தூசி கிளப்பி நிற்கும் கான்கிரீட் கலக்கும் பிளான்ட்டை அண்ணாந்து பார்த்தாள். சிமென்ட் நிரப்பிய அதன் இரும்பு உருளை தென்னைக்கும் மேலே நிற்கிறது. "ஒனக்கு இன்னும் வயிறு நெறயலியா?" என்று அதனிடம் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

திருவனந்தபுரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் தெரு. பெரியவர்கள் பேசுவது தமிழ், பிள்ளைகள் பேசுவது மலையாளம். தாசம்மாள் இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவாள், தெருக்கோடி வரைக்கும் கேட்கும். கணவர் சற்குணம் கொத்தனார் வேலையில் முதுகைத் தொலைத்தவர். எழுந்து நடக்க ஒரு ஆள் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு எரிவது பப்படத்தால்தான். பழவங்காடிக் கடைக்காரர்கள் அவள் பையை வாங்கிவைத்த பிறகுதான் மற்றவர் பையைத் திறப்பார்கள். எண்ணெயில் போட்டது சரியாகப் பொங்கவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

கோபக்காரி. பிளான்ட்டைப் பற்றி யாராவது முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டு ராஜஸ்ரீ நைட்டி தைத்துக் கடைக்குக் கொடுப்பவள். வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் பூக்கிறது என்று அவள் அழுதால், "எனக்க கிட்ட அழுது என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கிய எல்லாரும்?" என்பாள் தாசம்மாள்.

பேசுவதற்கும் ஒரு நாள் வந்தது. பிளான்ட் இரண்டாவது உருளை வைக்க வேண்டுமாம். அதற்கு எங்கள் பின்மதிலை ஒட்டிய நிலத்தை, குடியிருப்புப் பகுதி என்பதிலிருந்து தொழில் பகுதியாக மாற்ற வேண்டுமாம். ஊராரின் ஆட்சேபத்தைக் கேட்க மாநகராட்சியில் கூட்டம் போட்டார்கள். தெருவே திரண்டு போனது. முதல் ஆளாக எழுந்தது, வேறு யார், அவள்தான். சேலைத் தலைப்பில் பொதிந்து வைத்திருந்த பப்படத்தை அதிகாரியின் மேசையில் வைத்தாள்.

"கடிச்சுப் பாருங்க சாரே. மாவு சுத்தமாக்கும். மண்ணு அவன் போட்டது."

அதிகாரி கடிக்கவில்லை. பிளான்ட்டின் வக்கீல்தான் எழுந்துவந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். நல்ல தமிழில், வெகு அக்கறையாகக் கேட்டார்: "அழகா இருக்கேம்மா. இதை எங்கே செய்றீங்க?"

"எனக்க வீட்டுலதான். கல்யாணம் ஆன நாள் தொட்டு."

"விக்கிறதுக்கா?"

"பின்னே? பழவங்காடியில கேட்டுப் பாருங்க."

வக்கீல் அதிகாரியின் பக்கம் திரும்பினார். அதற்குள் மலையாளம் வந்துவிட்டது. "லைசன்ஸ் உண்டோ?"

"பப்படத்துக்கு எதுக்கு சாரே லைசன்ஸ்?" என்று சிரித்தாள் தாசம்மாள். கூட்டத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. குடியிருப்புப் பகுதியில் உரிமம் இல்லாமல் தொழில் நடப்பதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார் வக்கீல். பதிவு செய்துகொண்டார்கள். அடுத்துப் பேச வேண்டியவள் ராஜஸ்ரீ. அவளுக்குத் தையல் மெஷின் ஞாபகம் வந்திருக்கும், எழவில்லை. இட்லி மாவு அரைத்து விற்கும் வீட்டுக்காரர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். தெரு முழுக்க ஏதாவது ஒரு கைத்தொழில். ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். கூட்டத்தை வேறு நாளுக்குத் தள்ளிவைத்தார்கள்.

பிறகு இரண்டு பேர் வந்து அவள் முற்றத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தொழிலை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. உரிமம் கேட்டுப் போனால், குடியிருப்புப் பகுதியில் கொடுக்க முடியாது என்றார்களாம். லாரி லாரியாகச் சிமென்ட் இறங்கலாம், ஒரு கைப்பிடி உளுந்து மாவு ஆகாது. என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை. பழவங்காடியிலும் பையை வாங்க மறுத்துவிட்டார்கள்.

"நாந்தானே தம்பி வாயைக் குடுத்தேன்," என்றாள் என்னிடம். வேறு யாரையும் திட்டவில்லை. அவள் யாரையும் திட்டாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். தம்பானூரில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கப் போகிறாள். சற்குணம் அவள் திரும்பும்வரை படுத்த இடத்திலேயே கிடக்கிறார்.

தள்ளிவைத்த கூட்டம் சென்ற வாரம் நடந்தது. போன தடவைக்குப் பாதிக் கூட்டம்கூட இல்லை. தாசம்மாள் லாட்ஜிலிருந்து நேராக வந்து ராஜஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்தாள். கை விரல்கள் சோப்புக் காரத்தில் வெடித்திருந்தன. ஆட்சேபம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார் அதிகாரி. அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். யாரும் தூக்கவில்லை. அவர் குனிந்து பேனாவை எடுத்தார்.

அப்போது ராஜஸ்ரீயின் கை மடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. தாசம்மாள் சட்டென்று அந்த மணிக்கட்டை இடது கையால் பிடித்து இழுத்து மடியில் வைத்து அழுத்தினாள். "ஒனக்கு மெஷின் இருக்கு பிள்ளே. சும்மா இரி," என்றாள் தாழ்ந்த குரலில். பிடியை விடாமலே தன் வலது கையைத் தூக்கினாள்.