கூர் மழுங்காத பென்சில்

அண்ணியின் ஜாமெண்ட்ரி பாக்ஸ் போன மாதம் என் வீட்டுக்கு வந்தது. மரக்காணத்திலிருந்து அண்ணன் கருவாடு கொண்டுவந்த பையின் அடியில் கிடந்தது. "உன் பொண்ணு ஆறாவது போறாளாமே, அவளுக்குக் குடுத்துடச் சொன்னா" என்றார். மஞ்சள் தகரப் பெட்டி. கீல் துருப்பிடித்து, மூடி பாதிவரைதான் திறக்கும். உள்ளே காம்பஸ், பாகைமானி, இரண்டு மூலைமட்டங்கள், பாதி தேய்ந்த ரப்பர், ஒரு பென்சில். இவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டுக்கு அடியில் எட்டாக மடித்த ஒரு காகிதம். அதை நான் 2006-லேயே ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

அண்ணி அப்போது உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் மட்டும் தேறவில்லை. அதைக் கல்யாணத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் எழுதித் தோற்று, விட்டுவிட்டிருந்தாள். சுனாமி அலை வந்துபோன மறு வருடம் கடலோரக் குப்பங்களில் புதிய அங்கன்வாடிகள் கட்டினார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கட்டியதற்கு ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. பத்தாவது தேறியிருக்க வேண்டும். வயது வரம்பும் உண்டு. அண்ணிக்கு அந்த வரம்புக்குள் மிச்சமிருந்தது ஒரே ஒரு தேர்வு, 2006 செப்டம்பரில். அவள் குதிகால்கள் வெடித்து, வெடிப்புகளுக்குள் உப்புநீர் புகுந்து, இரவில் விளக்கெண்ணெய் தடவாமல் படுக்க முடியாத நிலையில் இருந்தாள். அந்த வேலை கிடைத்தால் செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். அவள் அதை இப்படித்தான் சொன்னாள். வேறு பெரிய வார்த்தை எதுவும் சொல்லவில்லை.

நான் புதுச்சேரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அளத்தில் அவள் வேலை செய்வதைப் பார்த்தவர்கள் யாரும் அவளை வேலையைத் தள்ளிப்போடுகிறவள் என்று சொல்லமாட்டார்கள். விடிவதற்குள் பாத்தியில் இறங்கி, விளைந்த உப்பை மரப்பலகையால் வாரி வரப்பில் குவித்துவிடுவாள். மேற்கே மேகம் கறுத்தால் முதலில் ஓடி, குவியலின் மேல் கீற்றைப் போட்டு மூடுகிறவளும் அவள்தான். ஒரு மழைக்கு எல்லாம் கரைந்துவிடும் என்பதால் அங்கே நாளை என்ற பேச்சே கிடையாது. அதே அண்ணி மதியம் மூன்று மணிக்குக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேறொருத்தி ஆகிவிடுவாள். முதல் நாள் நோட்டுக்கு அட்டை போட்டாள். இரண்டாம் நாள் பொருளடக்கம் எழுதினாள். கோடு கோணிவிட்டது என்று மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். ஒரு புதுப் பென்சிலைச் சீவிச் சீவியே பாதியாக்கினாள். கணக்கை நான் வாய்விட்டுப் படித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். திரும்பி வரும்போது கையில் முறமோ துடைப்பமோ இருக்கும்.

"கலெக்டரம்மா பட்ச்சி முட்ச்சாச்சா? அடுப்பு காஞ்சினு கெடக்குது" என்று உள்ளிருந்து அம்மா கேட்பாள்.

"இதோ வரேங்க அத்தை" என்று அண்ணி உடனே எழுந்துவிடுவாள். அந்தக் குரலில் நிம்மதி இருந்தது. அம்மாவின் கிண்டலைவிட அந்த நிம்மதிதான் எனக்கு எரிச்சலூட்டியது.

வழியைக் கண்டுபிடித்தது அவளேதான். மே மாதக் கடைசியில் ஒருநாள் நோட்டின் பக்கத்தை ஸ்கேல் வைத்து நான்கு கட்டங்களாகப் பிரித்தாள். "பாப்பா, இது நாலும் பாத்தி. ஒரு பாத்தி வாராம ஏந்திரிக்க மாட்டேன். நீ புக்கை மூடி வச்சிடு. மொத்தமா பாத்தாதான் பயமா இருக்குது" என்றாள். ஒரு கட்டத்துக்கு ஒரு கணக்கு. அன்று ஒரு கட்டம்தான் நிரம்பியது. உள்ளங்கை காய்த்துப்போயிருந்ததால் காம்பஸின் தலை அவள் விரலில் நிற்காமல் வழுக்கியது. வட்டம் இரண்டு முறை முட்டையானது. மூன்றாவது முறை சரியாக வந்ததும் அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். அம்மா பார்த்துவிட்டு, "தோசைக்கல்லு மாரி கீது" என்றாள். மறுநாள் மூன்று மணிக்கு அம்மா அவளைக் கூப்பிடவில்லை.

ஜூனில் வரைபடம் முடிந்தது. ஜூலையில் வடிவியல். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதை என்னைவிடச் சுத்தமாகச் செய்தாள். நடுவில் எழுந்து பின்பக்கம் போவதும் குறைந்திருந்தது. நான் நாள்தோறும் நிரம்பிய கட்டங்களை எண்ணினேன். அந்த எண்ணிக்கையில் எனக்குப் பெருமை இருந்தது. கணக்குத் தவிர வேறு எதையும் நான் எண்ணவில்லை.

விண்ணப்பப் படிவத்தை நான்தான் வாங்கிவந்தேன். நிரப்பவும் உதவினேன். போட்டோ ஒட்டி, அவள் படித்த பள்ளியில் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அங்கேயே கொடுக்க வேண்டும். "ஸ்கூல் ஆபீஸ்ல ஒக்காந்திருக்கறது யாரு தெரியுமா?" என்று அண்ணி கேட்டாள். "டென்த்துல என் பெஞ்சுல, எம் பக்கத்துல ஒக்காந்துனு இருந்தவ. அவகிட்ட போயி, இன்னும் கணக்குதான் எழுதினு இருக்கேன்னு சொல்லணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் கல்லூரியிலிருந்து திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே, சைக்கிள் கடை நிழலில், கையில் கவருடன் நின்றிருந்தாள். சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "குடுத்தாச்சா அண்ணி?" "ஆச்சி, ஆச்சி" என்றாள். கேட்டுக்கு எதிரே நின்றதைத்தான் நான் கண்டிருந்தேன், உள்ளே போனதை அல்ல. பின்னாளில் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக உட்கார்ந்து, மற்றவர்கள் அனுப்பும் செய்திகளில், கண்டதற்கும் அனுமானித்ததற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைத்தான் தினமும் தேடினேன். அன்று தேடவில்லை.

தேர்வு நாளில் அவள் கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டாள். பென்சிலை நானே சீவிப் பெட்டியில் வைத்தேன். தயிர்சாதத்தை டிபன் பாக்ஸில் போட்டு அம்மா கொடுத்தாள். "பதட்டப்படாம எழுது. வேலையெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அண்ணி அம்மாவிடமிருந்து அப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. சென்டர் அங்கேதான் என்று சொல்லி, காலை பஸ்ஸில் திண்டிவனம் போனாள்; ஹால் டிக்கெட்டைக் காட்டச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை. நாலு மணிக்குத் திரும்பி வந்தாள்.

"பரவால்ல பாப்பா. கிராஃப் ஈஸியா வந்துச்சி. தேற்றம் ஒண்ணு விட்டுட்டேன்."

இரவு எதற்கோ பென்சில் தேவைப்பட்டுப் பெட்டியைத் திறந்தேன். காலையில் நான் சீவிவைத்த கூர் அப்படியே இருந்தது. பார்த்தேன், எடுத்து எழுதினேன், திரும்ப வைத்தேன். கிராஃபும் வடிவியலும் வரைந்துவிட்டு வந்த பென்சில் இப்படி இருக்காது என்று எனக்குத் தோன்றவேயில்லை. அல்லது தோன்றி, நான் அதை நகர்த்திவைத்தேனா என்பதை இன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தீபாவளி கழிந்து முடிவுகள் வந்தன. அவள் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்த எண்ணுடன் பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அப்படி ஒரு எண் இல்லை என்று வந்தது. மூன்று முறை அடித்துப் பார்த்தேன். "நம்பரே தப்புக்கா" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்தபோது அண்ணி வாசலில் நின்றிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள், "போயிடுச்சா? போவட்டும் வுடு" என்றாள். நான் விட்டுவிட்டேன். வீட்டில் எல்லோரும் அவள் தோற்றுவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். தோற்பது அவளுக்குப் பழகியிருந்தது. எங்களுக்கும்தான். அங்கன்வாடிக்கு வேறொரு பெண் வந்தாள்.

டிசம்பர் மழையில் கூரை ஒழுகியது. அலமாரியிலிருந்ததை எல்லாம் இறக்கும்போது அந்தப் பெட்டி கீழே விழுந்து திறந்து, பிளாஸ்டிக் தட்டு கழன்றது. மடித்த காகிதத்தைப் பிரித்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து நிரப்பிய விண்ணப்பம். போட்டோவில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தாள். தலைமை ஆசிரியர் கையெழுத்துக்கான கட்டம் காலி. நோட்டில் அத்தனை கட்டங்களையும் நிரப்பியவள் இந்த ஒன்றின் முன்னால் நின்றுவிட்டிருந்தாள். திண்டிவனத்தில் அந்தப் பகல் முழுவதும் எங்கே உட்கார்ந்திருந்தாள், தயிர்சாதத்தை எங்கே சாப்பிட்டாள் என்பதை நான் கேட்கவில்லை. காகிதத்தை அதே மடிப்புகளில் மடித்து அடியில் வைத்தேன்.

அவள் இன்றும் அளத்துக்குப் போகிறாள். காகிதம் உள்ளே இருப்பதை மறந்து பெட்டியைக் கொடுத்தனுப்பினாளா, தெரிந்தே அனுப்பினாளா, தெரியவில்லை. போனில் கேட்கலாம். ஒரு மாதமாகக் கேட்கவில்லை.

காம்பஸ் துருவேறித் திறக்க மறுத்தது. நான் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது மகள் தட்டைத் தூக்கிக் காகிதத்தைப் பிரித்துவிட்டாள்.

"அத்தையா இது? பாஸ் பண்ணாங்களாம்மா?"

"எழுதல" என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை.

"அப்புறம் எதுக்கு போட்டோல்லாம் ஒட்டிருக்காங்க?"

காகிதத்தை அவளிடமிருந்து வாங்கினேன். மடிப்புகள் பல இடங்களில் கிழிந்திருந்தன. மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்தேன்.