வேண்டாம் மெக்கானிக் கைவைத்த வண்டி

அந்த ஒர்க்‌ஷாப் வாசலில் 'இன்ஜின் ட்யூனிங் செய்யப்படும்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். உள்ளே போய் வண்டியின் சக்தியைக் கூட்டித் தரச் சொன்னால், செய்ய வேண்டிய மனுஷனே 'வேண்டாம்' என்பார். அதனால் அவருக்கு 'வேண்டாம் மெக்கானிக்' என்றே பெயர் விழுந்துவிட்டது. வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு இவர் எப்படிப் பிழைக்கிறார் என்று கேட்காதீர்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களேதான் மறுவாரம் பிரேக் மாற்றவும் டயர் மாற்றவும் அவரிடம் வந்து நிற்பார்கள்.

பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர் கேட்டால் மறுபேச்சில்லாமல் செய்து கொடுப்பார். வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய்வருகிற ஸ்போர்ட்ஸ் கார் என்றால், முதலில் ஓனரை ஓட்டச் சொல்லிப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வார். இறங்கும்போது தீர்ப்பும் தயாராக இருக்கும். "கம்பெனிக்காரன் தெரியாமலா கொஞ்சம் சக்தியை மிச்சம் வச்சிருக்கான்? கூட்டித் தரலாம். சூடும் கூடும், கியர்பாக்ஸும் அடி வாங்கும். இருக்கிறதுலயே நீங்க பாதியைத் தொடலையே." சொல்வதில் நியாயம் இருக்கும். நயம்தான் மருந்துக்கும் இருக்காது.

அந்த நாக்கு ஒருநாள் சொந்த மச்சினனையே பதம் பார்த்துவிட்டது. மனைவியின் தம்பி ஆசை ஆசையாகச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து, உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "மாமா, நீங்கதான் இதை ட்யூன் பண்ணித் தரணும்" என்றான்.

"முதல்ல ஒழுங்கா ஓட்டு, அப்புறம் பார்க்கலாம்" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள், அவனைத் தவிர. அதோடு இரண்டு வருஷம் அவன் அக்கா வீட்டுப் படியேறவில்லை.

அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவன் உட்காரும் நாற்காலியில் மட்டும் வேறு யாரையும் உட்கார விடவில்லை. திட்டியிருந்தால்கூட இவருக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சிவப்புக் கார் ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றது. "அக்காதான் போகச் சொன்னா" என்றான் மச்சினன், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "இப்பவாவது பண்ணித் தருவீங்களா?"

வேண்டாம் மெக்கானிக் 'சரி' என்றார். பந்தயத்துக்குப் போகாத வண்டிக்கு அவர் சொன்ன முதல் சரி அது.

வேலை லேப்டாப்பில்தான். வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து பழைய ஃபைலை எடுத்து, அதன் நகலில் பெட்ரோல், காற்று அளவுகளைத் திருத்தி, திருத்தியதைத் திரும்ப ஏற்ற வேண்டும். இரண்டு மணி நேரம் பார்த்துப் பார்த்துச் செய்தார். ஆனால் மனசு வண்டியில் இல்லை, மச்சினன் முகத்தில் இருந்தது.

ஊருக்கு வெளியே காலி ரோட்டில் ஓட்டிவிட்டு அவன் திரும்பியபோது முகமெல்லாம் பல். "மாமா, பறக்குது. இது வேற வண்டி. மத்தியானம் சாப்பிட வரேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க."

அவன் கிளம்பியதும் லேப்டாப்பை மூடப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். வண்டியில் ஏறியிருந்தது பழைய ஃபைல். திருத்தியது லேப்டாப்பிலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் அந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "தயவு செஞ்சு வாயைத் திறக்காதீங்க. இன்னொரு ரெண்டு வருஷம் என்னால முடியாது." அவள் கெஞ்சி அவர் பார்த்ததே இல்லை.

மேஜையில் மச்சினன் கார் புராணம் பாடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வரிக்கும் "எல்லாம் மாமா கைவண்ணம்" என்றான். இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செய்யாத வேலைக்குப் பேர் வாங்கிப் பழக்கமில்லை.

"மாப்ள, ஒன்னு சொல்லணும்" என்றார். மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

மச்சினன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப, நான் வாங்கினப்ப இருந்த அதே வண்டியா?"

"அதேதான். இதுக்கு முன்னாடி பெடலை முழுசா அழுத்தியிருக்கியா?"

"இல்ல மாமா. பயம். நீங்க வேற அப்படிச் சொல்லிட்டீங்களா, வெளியிலயும் சொல்ல முடியல." சோற்றை விரலால் ஒதுக்கினான். "இன்னைக்கு நீங்க கைவச்ச வண்டி. ஒன்னும் ஆகாதுன்னு அழுத்திட்டேன்."

வேண்டாம் மெக்கானிக் தம்ளரை எடுத்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு, "புது ஃபைல் ரெடியா இருக்கு. சாப்பிட்டதும் ஏத்திடவா?" என்றார்.

"வேண்டாம் மாமா. சாயங்காலம் பக்கத்து சீட்ல வந்து உக்காருங்க, போதும்."

அக்கா இரண்டு தட்டிலும் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு, தனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.